கோட்டை இல்லாத அதியமான்கோட்டை

செக் நாட்டுல செஸ்கி குரும்லோவ்னு ஒரு சின்ன ஊர். ஆறு வளைஞ்சு ஓடுது, கரைப்பாறை மேல பிரம்மாண்டமா ஒரு கோட்டை. 13ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது, 1992ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினது. ரோசன்பர்க், எக்கன்பர்க், ஸ்வார்சன்பர்க்னு குடும்பங்கள் மாறினாலும், கூரை ஒழுகினா சரி பண்ண யாரோ ஒரு சொந்தக்காரர் இருந்துக்கிட்டே இருந்தாங்க. அது இன்னும் நிக்கறதுக்குப் பெரிய காரணம் அதுதான்னு நினைக்கிறேன்.

நம்ம தருமபுரிக்கு வாங்க. சேலம் போற ரோட்டுல 7 கி.மீ. வாக்குல அதியமான்கோட்டை. பேர்ல மட்டும்தான் கோட்டை :-) பஸ்ஸை விட்டு இறங்கி மதிலைத் தேடினா ஏமாந்துதான் போவீங்க. ஆனா இடத்தைத் தேர்ந்தெடுத்தவனுக்கு விவரம் தெரிஞ்சிருக்கு. தெற்கே தொப்பூர் கணவாய். சேலம் பக்கமிருந்து மைசூர் மேட்டுக்கு ஏறற எவனும் இந்த வழியாத்தான் வந்தாகணும்.

தருமபுரிக்குப் பழைய பேர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சின்னா நமக்கு உடனே நெல்லிக்கனிதான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடப் புத்தகம் அதோட நிறுத்திக்குது. எனக்குப் பிடிச்சது அதே ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை. அவன் தன் ஆயுதச்சாலையைக் காட்ட, இங்க எல்லாம் நெய் பூசி, மயில் பீலி சூட்டி அழகா இருக்கு, எங்க ஆளோடதெல்லாம் நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு அந்தம்மா சொன்னதுல இருக்கற குத்தல் இருக்கே, அடடா! புகழ்ற மாதிரியே மிரட்டல்.

அப்படிப்பட்ட கோட்டையை அடிச்சவன் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. அவன் பேருக்கு முன்னாடியே 'தகடூர் எறிந்த'ன்னு ஒட்டிக்கிச்சு. அரிசில்கிழார் அவனைப் பாடினதுதான் பதிற்றுப்பத்துல எட்டாம் பத்து. வேடிக்கை என்னன்னா, முரசு கட்டில்ல அசந்து தூங்கின மோசிகீரனாருக்கு விசிறி வீசினாரே ஒரு ராஜா, அவரும் இவரேதான்! புலவருக்கு விசிறின அதே கைதான் ஔவையாரோட நண்பனைச் சாய்ச்சது. அந்தப் போரைப் பத்தித் 'தகடூர் யாத்திரை'ன்னு தனி நூலே இருந்தது. அதுவும் முழுசா நமக்குக் கிடைக்கலை. புறத்திரட்டு மாதிரியான தொகுப்புகள்ல சில பாட்டுகள் தப்பிச்சிருக்கு. கோட்டையும் போச்சு, கோட்டையைப் பத்தின புத்தகமும் போச்சு.

'இதெல்லாம் புலவர்கள் விட்ட கப்சா'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கல்வெட்டு பதில் சொல்லுது. 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில தமிழ் பிராமி எழுத்து கிடைச்சது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த சமணப் படுக்கைன்னு அதுல இருக்கு. அசோகர் தன் கல்வெட்டுல சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோட சதியபுத்திரர்னு ஒருத்தரையும் சொல்றார். அது யாருன்னு அறிஞர்கள் ரொம்ப காலம் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. ஜம்பைக் கல்வெட்டைக் கி.பி. முதல் நூற்றாண்டு வாக்குல வைக்கிறாங்க. அந்த ஒரு வரியில சதியபுத்திரர் நம்ம தகடூர்க்காரங்கதான்னு தெரிஞ்சது.

தோத்ததோட வம்சம் அழிஞ்சிடலைங்கறதையும் கவனிக்கணும். 8ஆம் நூற்றாண்டு நாமக்கல் குடைவரைக்குக் கல்வெட்டுல பேரே அதியேந்திர விஷ்ணு கிருகம். பிற்காலச் சோழர் ஆட்சியோட கடைசிக் கட்டத்துல விடுகாதழகிய பெருமாள்னு ஒரு அதியமான், போளூர் பக்கம் திருமலையில, தன் முன்னோன் எழினி வச்ச இயக்கன் இயக்கி சிலைகளைப் புதுப்பிச்சிருக்கார். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஒரு குடும்பம் தன் மூதாதையை மறக்காம இருந்திருக்கு. அதுக்கப்புறம் விஜயநகரம், மைசூர், ஹைதர், திப்பு, 1792 உடன்படிக்கையில கும்பினி. இத்தனை பேர் கை மாறினதுல, இது எங்க கோட்டைன்னு சொல்ல அந்த வீட்டு ஆள் யாரும் இல்லாமப் போயிட்டாங்க.

இன்னிக்கு ஊருக்குக் கூட்டம் வர்றது காலபைரவருக்காக. தேய்பிறை அஷ்டமிக்குப் பூசணிக்காய் விளக்கு ஏத்த எங்கெங்கிருந்தோ வர்றாங்க. கோயிலை அதியமானே கட்டினான்னு சொல்வாங்க. சங்க காலத்துல கருங்கல் அடுக்கிக் கோயில் கட்டற வழக்கம் இங்க இல்லை, அதனால அந்தப் பேச்சு நெடுமான் அஞ்சிக்குப் பொருந்தாது. பின்னாடி வந்த அதியமான்களைச் சொன்னா சண்டைக்கு வரமாட்டேன்.

போறவங்க பைரவரோட திரும்பிடாதீங்க. அதே ஊர்ல சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கு. மண்டபத்துல நின்னு கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. ராமாயணம், பாரதம்னு விதானம் முழுக்க நாயக்கர் காலப் பாணியில மூலிகை வர்ண ஓவியங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீங்க, சுவத்துல சாயாதீங்க. இருக்கறதே அவ்வளவுதான்.