ஏலில் இருக்கும் இந்தியா

கோக்கனட் இந்தியா பேல் ஏல். வீட்டிலேயே பீர் வடிக்க சட்டம் அனுமதிக்கும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், சொந்தமாக வடித்த புட்டியில் இப்படி எழுதி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஹாப்ஸின் கசப்பு தூக்கலாக இருக்கும், வறுத்த தேங்காயின் மணம் ஏறிய வெளிர்நிற பீர் அது. பெயரில் உள்ள நான்கு சொற்களும் நான்கு வெவ்வேறு காலத்தில் பிறந்தவை. அவற்றில் இரண்டு சொற்கள் நம் கடற்கரையோடு நேரடித் தொடர்பு உள்ளவை. ஒரு பண்டத்துக்குப் பெயர் வைப்பது விளைவித்தவரா, விற்றவரா, வாங்கியவரா என்ற கேள்விக்கு இந்த ஒரு பெயரே நிறைய விடை வைத்திருக்கிறது. பின்னாலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஏல்

பழைய ஆங்கிலத்தில் இது 'எயலு'. லிதுவேனிய மொழியின் 'அலுஸ்', பின்லாந்து மொழியின் 'ஒலுத்' ஆகியவை இதே குடும்பச் சொற்கள். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த பானம்தான் ஏல். இடைக்கால இங்கிலாந்தின் ஏலில் ஹாப்ஸ் கிடையாது.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. மெல்லிய பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உள்ளே மஞ்சள் பொடியாக ஒட்டியிருக்கும் பிசினில்தான் கசப்பும் மணமும். பானத்தைப் புளித்துக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றை அந்தக் கசப்பு அடக்கி வைக்கும். 15ஆம் நூற்றாண்டில் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதியிலிருந்து இந்தப் பழக்கம் இங்கிலாந்துக்கு வந்தது. 'ஹாப்' என்ற சொல்லும் 'ஹொப்பெ' என்ற டச்சுச் சொல்லிலிருந்து கூடவே வந்தது. ஹாப்ஸ் சேர்த்தது பீர், சேர்க்காதது ஏல் என்று அன்று ஆங்கிலேயர் பிரித்துப் பேசினார்கள். ஆண்ட்ரூ போர்ட் என்ற மருத்துவர் 1542இல் எழுதிய உணவு நூலில், ஏல் ஆங்கிலேயருக்கு இயல்பான பானம், பீர் டச்சுக்காரருக்கு உரியது என்று அழுத்தமாகச் சொல்கிறார். ஹாப்ஸ் மிகுந்த ஏல் என்று அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால் அந்தச் சொற்சேர்க்கையே அவருக்குப் பிடிபட்டிருக்காது. 18ஆம் நூற்றாண்டுக்குள் ஏலிலும் ஹாப்ஸ் நுழைந்துவிட்டது. பண்டம் மாறிவிட்டது, பெயர் மட்டும் பழையபடி நின்றது.

பேல்

வெளிறியது என்று பொருள். இலத்தீனின் 'பல்லிதுஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் இறங்கிய சொல். இதற்குப் பின்னால் இருப்பது அடுப்பின் கதை. மால்ட்டை விறகுத் தீயில் உலர்த்தினால் புகையேறிப் பழுப்பாகும். நிலக்கரியில் உலர்த்தினால் கந்தக நாற்றம் பிடிக்கும். நிலக்கரியை முன்னதாகவே சுட்டு, புகை போக்கிக் கோக் ஆக்கி எரித்தபோது சூட்டை அளவோடு வைக்க முடிந்தது. 17ஆம் நூற்றாண்டில் டார்பிஷயரில் இப்படி உலர்த்திய மால்ட் வெளிர்நிறமாக வந்தது. அதில் வடித்ததை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 'பேல் ஏல்' என்றார்கள். கண்ணாடிக் குவளையில் பார்த்தால் அது தேன்நிறம்தான். கரிய போர்ட்டர் பீருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண்ணுக்கு அது வெளிர்.

இந்தியா

லண்டனுக்குக் கிழக்கே லீ ஆற்றங்கரையில் போ என்ற இடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1752இல் பீர் வடிக்கத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் அங்கிருந்து சிறிது தூரம். அந்தக் கப்பல்களின் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொந்த வியாபாரத்துக்கென்று கப்பலில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பன்றித் தொடை, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிச் சாமான், பீர் என்று வாங்கி வந்து கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் பம்பாயிலும் இருந்த வெள்ளையருக்கு விற்பார்கள். ஹாட்ஜ்சன் பக்கத்தில் இருந்தார், 18 மாதம் வரை கடனும் கொடுத்தார். அவருடைய பீர் இந்தியாவுக்குப் போனதற்கு இந்த இரண்டுமே போதுமான காரணங்கள்.

நீண்ட கடல் பயணத்தைத் தாங்கவென்றே ஹாட்ஜ்சன் ஒரு புது பீரைக் கண்டுபிடித்தார் என்ற கதை உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அதற்குச் சான்று இல்லை. கரிய போர்ட்டரும் அதே கப்பல்களில் வந்தது, இங்கே விரும்பிக் குடிக்கப்பட்டது. வெப்ப நாட்டுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்பதும் அன்றைய வடிப்பாளர்கள் அறிந்த பொது வழக்கம்தான். ஹாட்ஜ்சன் அனுப்பியது 'அக்டோபர் பீர்' என்ற வகை. இலையுதிர்காலத்தில் வலுவாக வடித்து, பீப்பாயில் நெடுநாள் முதிரவிடும் சரக்கு. நிலவறையில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் முதிர்ச்சி, ஆப்பிரிக்காவைச் சுற்றி நிலநடுக்கோட்டை இருமுறை கடக்கும் வழியில் சில மாதங்களிலேயே நடந்துவிட்டது.

1820களில் ஹாட்ஜ்சன் நிறுவனத்தை நடத்தியவர்கள் கடனை நிறுத்தினார்கள், விலையை ஏற்றினார்கள், சரக்கைத் தாங்களே கப்பலேற்ற முனைந்தார்கள். கம்பெனி இயக்குநர்களில் ஒருவரான கேம்பெல் மார்ஜோரிபேங்க்ஸ் 1822இல் பர்ட்டன் நகரத்துச் சாமுவேல் ஆல்சோப்பை அணுகி, இதே போன்ற பீரை வடிக்கச் சொன்னார். ஆல்சோப்பின் வடிப்பாளர் ஜாப் குட்ஹெட் ஒரு தேநீர்ச் சாடியில் முதல் சோதனை செய்தார் என்று சொல்வார்கள். பர்ட்டன் கிணற்றுநீரில் ஜிப்சம் மிகுதி. அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு சுத்தமாக, நாவில் கூர்மையாகத் தெரியும். ஆல்சோப்பும், பின்னால் இந்த வணிகத்துக்கு வந்த பர்ட்டனின் பாஸ் நிறுவனமும் ஹாட்ஜ்சனை முந்தியதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

இத்தனை ஆண்டுகளிலும் அந்தப் பீருக்குத் தனிப்பெயர் அமையவில்லை. 'இந்தியாவுக்கெனத் தயாரித்த பேல் ஏல்' என்று நீட்டித்தான் சொன்னார்கள். 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற சுருக்கம் அச்சில் முதலில் கிடைப்பது 1829இல், ஆஸ்திரேலியாவின் சிட்னிச் செய்தித்தாள் விளம்பரத்தில். இங்கிலாந்தில் 1835இல் லிவர்பூல் விளம்பரம் ஒன்றில் காணப்படுகிறது. வடித்தது இங்கிலாந்து, குடித்தது இந்தியாவின் வெள்ளையர், பெயர் தெரியவந்தது மூன்றாவது கண்டத்தில்.

இங்கே தமிழ் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. மாட்டுக்கொட்டகை என்றால் மாட்டுக்குக் கட்டிய கொட்டகை. 'கு' என்ற உருபும், 'கட்டிய' என்ற பயனும் நடுவில் மறைந்து நிற்கின்றன. நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளியில் படித்தது இதுதான். இந்தியா ஏல் அப்படிப்பட்ட தொகை. விரித்தால் இந்தியாவுக்கு வடித்த ஏல் என்றாகும். இந்தியாவில் வடித்ததென்றும் இந்தியாவிலிருந்து வந்ததென்றும் பலர் நினைப்பது, தொகையைத் தவறான வேற்றுமையில் விரிப்பதால் வருகிற பிழை.

கோக்கனட்

தேங்காய்க்கும் 'இந்தியா' ஒரு காலத்தில் பெயராக இருந்தது. அரபு வணிகர்கள் அதை 'ஜவ்ஸ் ஹிந்தி', அதாவது இந்தியக் கொட்டை என்றார்கள். இலத்தீனில் 'நுக்ஸ் இந்திகா'. மார்கோ போலோவின் பயண நூலிலும் தேங்காய் இந்தியக் கொட்டைதான். ஏலில் இருக்கும் அதே சொல்தான் இங்கேயும் இருக்கிறது, ஆனால் உருபு வேறு. இது இந்தியாவிலிருந்து வந்த கொட்டை, ஐந்தாம் வேற்றுமை. ஒன்று வெளியேறிய சரக்கு, மற்றது உள்ளே வந்த சரக்கு. பெயர் ஒன்றாக இருந்தாலும் திசை நேர் எதிர்.

அதற்கும் முன்பு வேறொரு பெயர் மேற்கே போயிருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ் 'ஆர்கெல்லியா' என்று எழுதினார். வடமொழி 'நாரிகேல', பாரசீக 'நார்கீல்' என்ற வரிசையில் வரும் சொல் அது. தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றிச் செய்த ஹூக்காவுக்கு 'நார்கிலே' என்ற பெயர் இன்றும் மேற்காசியாவில் உண்டு.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின் இந்தப் பெயர்கள் ஐரோப்பாவில் பின்வாங்கின. போர்ச்சுகல் நாட்டில் குழந்தைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டிக்குக் 'கோகோ' என்று பெயர். உரித்த தேங்காயின் மூன்று கண்களைப் பார்த்த மாலுமிகள் அந்தப் பெயரை இதற்கு வைத்தார்கள். கோவாவில் 1563இல் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டாவும், மூன்று துளைகள் குரங்கு முகம்போல் தெரிவதால் வந்த பெயர் என்று விளக்குகிறார். ஆங்கிலம் அதன் பின்னால் 'நட்' சேர்த்துக்கொண்டது. பிறகு சாக்லேட் தரும் ககாவோவோடு எழுத்துக் குழப்பம் ஏற்பட்டு, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்கள் பலவற்றில் தேங்காய் 'கோக்கோநட்' என்றே அச்சாகியிருக்கிறது.

மரத்தை வளர்த்தவர்களின் சொல் வேறு. தெங்கும் காயும் சேர்ந்து தேங்காய். முதலெழுத்து நீண்டு, ஈற்றெழுத்து கெடும் இந்தப் புணர்ச்சிக்கென்றே நன்னூல் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரே ஒரு காய்க்காக இலக்கணம் தனி நூற்பா எழுதும் அளவுக்கு அந்தச் சொல் நாவில் புழங்கியிருக்கிறது.

முழுக்காய்க்கு வெளியார் தம் கண்ணில் பட்டதைப் பெயராக வைத்தார்கள். ஆனால் அதிலிருந்து உழைத்து எடுத்த பொருள்களுக்கு அப்படிச் செய்ய முடியவில்லை. உலர்ந்த பருப்பு மலையாளத்தில் 'கொப்பர', நமக்குக் கொப்பரை. அதுவே போர்ச்சுகீசியம் வழியாக ஆங்கிலத்தின் 'காப்ரா' ஆனது. மலையாளக் 'கயர்', தமிழ்க் 'கயிறு' என்ற சொல்லே ஆங்கிலத்தின் 'காயர்'. காயைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் பெயர் வைத்துவிடலாம். மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து, நாரைப் பிரித்து, திரித்துக் கொடுப்பவரிடம் விலை பேச வேண்டுமானால் அவருடைய சொல்லைக் கற்றாக வேண்டும். உழைப்பின் பெயர்கள் மாறாமல் கடல் கடந்ததற்குக் காரணம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏலும் தெங்கும் மெட்ராஸில் கைகோத்த இடமும் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மெட்ராஸில் கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை கடந்து கரையேறும். இரும்பாணி அடித்த படகு அந்த அலையில் அறைபட்டால் பிளந்துவிடும். மசூலாவின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், அதனால் அது வளைந்து கொடுக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த பீப்பாய்கள் இந்தத் தையலையும், துடுப்புப் போட்ட நம் கரையோர மக்களின் தோள்களையும் நம்பித்தான் கடைசித் தொலைவைக் கடந்தன.

புட்டிக்குள்

இங்கிலாந்தில் 1963இல் வீட்டு வடிப்புக்கான உரிமம் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. 1972இல் வெளியான கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸ், கிரேப்ஃப்ரூட் பழத்தின் மணத்தைத் தந்தது. ஆங்கர் என்ற அமெரிக்க பீர் நிறுவனம் 1975இல் அதைக் கொண்டு லிபர்ட்டி ஏலை வடித்தது. அடுத்து வந்த தலைமுறையிடம் 'இந்தியா' என்ற சொல் இடப்பெயராகவே இல்லை, ஹாப்ஸ் தூக்கல் என்று சொல்லும் அடையாக மாறிவிட்டது. கருநிற பீருக்கு 'பிளாக் இந்தியா பேல் ஏல்' என்று பெயர் வைக்கிறார்கள். பேலும் தன் பொருளைத் தொலைத்துவிட்டது.

தேங்காய் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் 19 லிட்டர் அளவில் வடிக்கிறார்கள். முதல் நொதிப்பு அடங்கியபின், சர்க்கரை சேராத தேங்காய்ச் சீவலைத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி, ஓரம் பொன்னிறமாகும் வரை வறுக்கிறார்கள். சூடாக இருக்கும்போதே காகிதத் துணியில் கொட்டி ஒற்றி எடுப்பது முக்கியம். தேங்காய் எண்ணெய் பீரில் இறங்கினால் நுரை நிற்காது, நாள்பட்டால் காறல் அடிக்கும். ஆறியதை மஸ்லின் பையில் கட்டிச் சில நாள் பீரில் ஊறவிட்டு எடுத்துவிடுகிறார்கள். தேங்காயே போடாமல் அந்த மணம் தரும் ஹாப்ஸும் இருக்கிறது: நியூ மெக்சிகோவின் காட்டு ஹாப்ஸ் வழிவந்த சாப்ரோ. 2018இல்தான் அதற்குப் பெயர் சூட்டினார்கள்.

இந்த மணத்தை அன்றைய பிரிட்டிஷ் வடிப்பாளர்கள் விரும்பியதில்லை. அமெரிக்க ஓக் மரத்தில் தேங்காயை நினைவூட்டும் லாக்டோன் என்ற சேர்மம் மிகுதி. பீரின் சுவையை மாற்றிவிடும் என்று அந்த மரத்தைத் தவிர்த்து, பால்டிக் கரையிலிருந்து வந்த ஓக்கில் பீப்பாய் செய்தார்கள். அவர்கள் விலக்கியதை இன்று தேடிச் சேர்க்கிறார்கள்.

சரக்குப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு தொகைச்சொல். மெட்ராஸ் துணி என்றால் மெட்ராஸிலிருந்து போனது. கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்த 'காலிகோ' துணியும் அப்படித்தான். இந்தியா ஏல் இந்தியாவுக்கு வந்தது. எந்த உருபு மறைந்திருக்கிறது என்று கேட்டால் யார் செய்தார், யார் விற்றார், யார் வாங்கினார் என்பது தெரிந்துவிடும். வேற்றுமைத்தொகையை மாணவர்களுக்கு நடத்தும் ஆசிரியர்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பிறகு இந்தப் பெயர்களையும் கரும்பலகையில் எழுத வேண்டும் என்பது என் விருப்பம். இலக்கண வகுப்பிலேயே பிள்ளைகள் வரலாற்றையும் விரித்துப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள்.