ஹைட்ரோஃபாயில் பாய்மரப் படகு

நீருக்கடியில் இறக்கை போன்ற தகடுகள் பொருத்தப்பட்ட பாய்மரப் படகு. காற்றில் வேகமெடுத்ததும் தகடுகளின் ஏற்றுவிசை உடற்பகுதியை நீருக்கு மேலே தூக்கிவிடும்; நீரின் இழுவை வெகுவாகக் குறையும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால் சிறு தகடே போதும்.

1906இல் இத்தாலியின் மஜோரே ஏரியில் பொறியாளர் ஃபோர்லானினி ஓட்டிய தகட்டுப் படகு எஞ்சினால் இயங்கியது. பாய்மரப் படகில் இந்த நுட்பம் கைகூட நெடுங்காலம் பிடித்தது. காற்றின் விசை சீராக இருப்பதில்லை, படகும் சாய்ந்துகொண்டே இருக்கும். பிரான்சின் 'லிட்ரோப்டேர்' 2009இல் 500 மீட்டர் தூரத்தை 51.36 நாட் (மணிக்குச் சுமார் 95 கி.மீ.) வேகத்தில் கடந்தது.

உண்மையான திருப்பம் ஒருவர் மட்டும் ஓட்டும் 'மாத்' என்ற சிறு படகில்தான் வந்தது. அதன் முகப்பில் தொங்கும் மெல்லிய கோல் நீர்மட்டத்தை உரசிச் செல்லும். படகு தாழ்ந்தால் கோல் பின்னுக்குத் தள்ளப்பட்டு, தகட்டின் பின்விளிம்பில் உள்ள அசையும் மடலைக் கீழிறக்கும், ஏற்றுவிசை கூடும். கணினியோ மின்சாரமோ வேண்டாம். 2005இல் ஆஸ்திரேலியரான ரோஹன் வீல் இவ்வகைப் படகில் உலகப் பட்டம் வென்றார். 2013 அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் 72 அடி இரட்டையுடல் படகுகளே நீருக்கு மேல் பறந்தன.

ஏறத்தாழ 50 நாட்டைத் தாண்டினால் தகட்டின் மேற்புறத்தில் நீர் ஆவிக்குமிழிகளாகி ஏற்றுவிசை குலையும். வழக்கமான தகடுகளுக்கு இதுவே பெருந்தடை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நாக்ரா 17 என்ற இரட்டையுடல் படகுப் பிரிவு தகடுகளோடு நடந்தது. அங்கே சென்னையின் பாய்மரப் படகு வீரர்களான நேத்ரா குமணன், வருண் தக்கர், கே.சி. கணபதி ஆகியோர் ஓட்டியவை தகடில்லாப் படகுகள். 2024 பாரிஸில் பத்துப் பாய்மரப் பிரிவுகளில் ஐந்து தகட்டுக் கலங்களுக்கானவை.