துறைமுகத்தில் பிறந்த அறை

பெரிய விமான நிலையங்களில் கழிவறை, மருந்துக்கடை, நாணய மாற்றுக்கூடம் என்று வழிகாட்டும் பலகைகளுக்கு நடுவே, மண்டியிட்ட ஓர் உருவம் வரைந்த சிறு பலகையும் இருக்கும். பிரார்த்தனை அறை. வில்லியனூர் தேரடியிலிருந்தோ பாகூர் ஏரிக்கரையிலிருந்தோ கிளம்பி, சென்னை வழியாகப் பாரிசுக்கும் ஜித்தாவுக்கும் சிங்கப்பூருக்கும் பறக்கிற நம்மவர்கள் அந்தப் பலகையைப் பலமுறை கடந்திருப்பார்கள். விமானத்தோடு சேர்ந்து மேல்நாட்டிலிருந்து இறங்கிய ஏற்பாடு என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். அதன் பூர்வீகத்தைத் தோண்டினால், விமானம் பிறப்பதற்குச் சுமார் 900 ஆண்டுகளுக்கு முந்தைய நம் சோழமண்டலக் கரையில் போய் நிற்போம்.

1006ஆம் ஆண்டு. நாகப்பட்டினம் துறைமுகத்தில் கடாரத்து வணிகர்களின் கப்பல்கள் வந்து நிற்கின்றன. பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பௌத்தர்கள் அவர்கள். அவர்கள் வணங்குவதற்காகக் கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் சூடாமணி விகாரத்தைக் கட்டுவித்தான். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிக்கொண்டிருந்த ராஜராஜ சோழன், அந்தப் புத்தர் பள்ளிக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை எழுதிவைத்தான். அந்த ஆவணம்தான் இன்று லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கப்படுகிறது.

பின்னால் நடந்தது இன்னும் வியப்பு. 1025இல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து போய் அதே கடாரத்தைத் தாக்கினான். ஆனாலும் கடாரத்தார் கட்டிய விகாரம் சோழநாட்டுக் கரையில் நிலைத்து நின்றது. 1090இல் முதலாம் குலோத்துங்கன் அதன் மானியத்தை மறுபடி உறுதிசெய்தான். இரு அரசுகளுக்கும் இடையே போர் மூண்டபோதும், வந்துபோகிறவர்களின் வழிபாட்டிடத்தில் யாரும் கைவைக்கவில்லை. எஞ்சியிருந்த கோபுரம் இடிக்கப்பட்டது 1867இல்தான். அந்த மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

வந்தவர்களுக்கு இடம் கொடுத்த தமிழர்கள், தாங்கள் போன இடத்திலும் இடம் தேடிக்கொண்டார்கள். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் நம் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பினார்கள். அதற்குச் சான்றான கல்வெட்டில் தமிழ் வரிகளோடு சீன எழுத்தும் இருக்கிறது. குப்லாய் கான் ஆண்ட காலம் அது.

பல சமயத்தாருக்கும் பொதுவான அறையின் மூதாதையைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1911இல் இலங்கையின் காலி நகரத்தில் ஒரு பொறியாளர், மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த கல்பலகை ஒன்றைக் கண்டார். புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க எழுத்து, அதுவும் மூன்று மொழிகளில். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே தன் பயணத்துக்காகச் செதுக்கிக் கொண்டுவந்த கல் அது. அதில் பொறித்த ஆண்டு 1409. சீன மொழிப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி தேவுந்தரையில் கோயில்கொண்ட தெனாவரை நாயனாரை, அதாவது திருமாலை, வணங்குகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு; மூன்று இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. கடலோடிக்கு எல்லாத் துறைமுகமும் வேண்டும், எல்லாத் துறைமுகத்துச் சாமியின் தயவும் வேண்டும். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதில் செங் ஹே கவனமாக இருந்தார்.

அடுத்த நூற்றாண்டில் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கடல் காவலர் அடங்கினார். நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது 1570இல் மறைந்தார். சவரம் செய்துகொண்டிருந்தவர், நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை அங்கிருந்தே உணர்ந்து, கையிலிருந்த கண்ணாடியை வீசி ஓட்டையை அடைத்தார் என்பது மரைக்காயர் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கந்தூரி விழாவின்போது நாகையிலிருந்து நாகூருக்குப் போகும் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதம் இன்றும் வருகிறது. தர்காவின் பெரிய மினாரை எழுப்பித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கடலுக்குப் போகிற மீனவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அங்கே நேர்ந்துகொள்வார்.

இந்த நாகூர், கப்பலேறி நகலெடுத்துக்கொண்டே போனது. பினாங்கில் ஒரு நாகூர் தர்கா எழுந்தது. 1828க்கும் 1830க்கும் இடையில் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் சூலியா முஸ்லிம்கள் இன்னொன்றைக் கட்டினார்கள். இன்று அந்தத் தெருவைச் சுற்றி அடுக்குமாடி அலுவலகங்கள். அன்று அது கடற்கரை; கப்பலை விட்டு இறங்கியவர் முதலில் கால்வைத்த இடம். அதே தெருவில் தமிழ் முஸ்லிம்களின் குச்சுப் பள்ளி. சற்றுத் தள்ளி, சீனர்கள் கடல் தெய்வம் மாசூவுக்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில். உயிரோடு கரைசேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஆளுக்கொரு வாசல், எல்லாம் கூப்பிடு தூரத்தில். விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் பிரார்த்தனை அறை வைப்பதற்கு நூறாண்டுக்கும் மேலாக முன்பே தெலுக் ஆயர் தெரு அந்த வேலையைச் செய்துவிட்டது.

புதுச்சேரியிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. அவற்றில் ஏறியவர்களுக்கு வணிகர்களின் வசதி கிடையாது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஏழைகள் அவர்கள். 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் அப்படிப்பட்ட தமிழர்களை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் போனது. ரீயூனியனுக்குப் போனவர்கள் இன்னும் அதிகம். மாரியம்மனையும் மதுரைவீரனையும் மனத்தில் சுமந்து போனவர்கள், கரும்புத் தோட்டங்களின் ஓரத்தில் அவர்களுக்குக் கோயில் எடுத்தார்கள். அந்தக் கோயில்களில் நாகூர் ஆண்டவருக்கும் ஒரு கொடிமரம் நட்டார்கள். ரீயூனியனில் அவர் நார்குலான்; குவாதலூப்பில் நாகுமிலா. கடல் தாண்டக் கைகொடுத்தவரைக் கரை சேர்ந்ததும் மறந்துவிடக் கூடாது என்ற நன்றியுணர்வு அது.

எதிர்த்திசையில் பிரான்சிலிருந்தும் ஒரு பயணி வில்லியனூருக்கு வந்து சேர்ந்தார். 1858இல் லூர்து குகையில் பெர்னதெத் என்ற சிறுமி மாதாவின் காட்சியைக் கண்டாள். இருபது ஆண்டுகூட ஆகவில்லை. 1877இல் அந்த லூர்து அன்னையின் சுரூபம் கப்பலில் புதுச்சேரிக்கு வந்து, வில்லியனூரில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டிய ஆலயத்தில் நிறுவப்பட்டது. இறக்கும்போது பெட்டி மூன்று முறை கைநழுவி விழுந்தும் சுரூபத்துக்குச் சிறு கீறல்கூட இல்லை என்று பக்தர்கள் சொல்வார்கள். வந்த மாதா ஊரோடு ஊராகிவிட்டார். ஆலயத்தின் முன்னே கோயில் குளம்போலப் படிக்கட்டுகளோடு ஒரு திருக்குளம் இருக்கிறது; வேறு மாதா கோயில்களில் எளிதில் காணக் கிடைக்காத காட்சி. அதே ஊரில் கோகிலாம்பாள் சமேத திருக்காமீஸ்வரர் தேரோட்டத்தை, பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார். இன்று துணைநிலை ஆளுநர் அதைச் செய்கிறார். ஊரின் இன்னொரு பக்கம் சுல்தான்பேட்டையில் பாங்கு ஒலிக்கிறது.

பிறகு மனிதன் பறக்கத் தொடங்கினான். நாசரேத்தில் மாதா வாழ்ந்த வீட்டை வானவர்கள் தூக்கிக்கொண்டு பறந்து இத்தாலியின் லொரேத்தோவில் இறக்கினார்கள் என்பது பழைய ஐதிகம். அதைப் பிடித்துக்கொண்டு, 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். கடலுக்கு நாகூர் ஆண்டவர்போல, வானத்துக்கும் ஒருவர் கிடைத்துவிட்டார்.

திருவனந்தபுரத்தில் கதை தலைகீழ். அங்கே விமான நிலையம்தான் சாமியின் வழியில் வந்து உட்கார்ந்தது. பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் பாதையில் 1932இல் விமானத்தளம் அமைந்தது. ஊர்வலத்தை யாரும் மாற்றவில்லை. இன்றும் பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆண்டுக்கு இருமுறை சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. விமானிகளுக்கு முறைப்படி முன்னறிவிப்பு போகிறது. ஓடுதளத்தின் குறுக்கே சுவாமி எழுந்தருளி, நீராடித் திரும்பியதும் அடுத்த விமானம் இறங்குகிறது.

இன்று நாம் காணும் அறைக்கு நேரடித் தாய், 1951இல் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் திறந்த ஒரு சிற்றாலயம். கட்டுவித்தவர் பேராயர் ரிச்சர்ட் குஷிங். யாருக்காக என்பதுதான் முக்கியம். பயணிகளை மனத்தில் வைத்து அது கட்டப்படவில்லை. இரவு பகலாக முறைவேலை பார்த்த ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டது. ஞாயிறு காலையும் மூட்டை தூக்கியவர்கள் ஊருக்குள் போய்ப் பூசை காண முடியவில்லை; பூசை அவர்களிடம் வந்தது. பார்த்த நியூயார்க் சும்மா இருக்குமா? 1955இல் அங்கும் ஒரு கத்தோலிக்க ஆலயம். 1960களில் இன்றைய கென்னடி விமான நிலையத்தின் நீர்நிலையோரம் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார், யூதர் மூவருக்கும் தனித்தனிக் கட்டடங்கள் வரிசையாக நின்றன. காலி கல்வெட்டின் மூன்று பத்திகளைச் செங்கல்லில் கட்டியதுபோல. விமானமும் கூட்டமும் பெருக, நிலத்தின் தேவையும் பெருகியது. மூன்றும் இடிபட்டு முனையத்துக்குள் நுழைந்தன. தனித்தனி ஆலயங்கள் சுருங்கிப் பொது அறையானதில் நல்லெண்ணத்துக்குப் பங்குண்டு. சதுர அடிக் கணக்குக்கும் பங்குண்டு.

ஆசியா இதை வேறு அளவில் செய்து காட்டியது. 1981இல் திறந்த ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில், 210 வெண்ணிறக் கூடாரங்கள் வானத்தில் தொங்குகின்றன. அதன் பொறியாளர் பஸ்லூர் ரஹ்மான் கான் டாக்காவில் பிறந்தவர். பல்லாயிரக்கணக்கான யாத்ரீகர் ஒரே நேரத்தில் இறங்கி, ஒளு செய்து, தொழுது, பேருந்துக்குக் காத்திருக்கும் இடம் அது.

அந்தக் கூடாரத்துக்குப் போகிற பயணம் சென்னையிலேயே தொடங்கிவிடுகிறது. கப்பலில் ஹஜ் போன காலத்தில், இந்தியர்கள் யலம்லம் என்ற எல்லைக்கு நேராக வரும்போது கப்பலிலேயே இஹ்ராம் என்ற யாத்திரை உடையை அணிந்தார்கள். விமானம் அந்த எல்லையை வானில் நொடியில் தாண்டிவிடும். ஆகவே நேரே ஜித்தா போகிறவர்கள் ஏறும் ஊரிலேயே குளித்து, தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்தி, நிய்யத் என்ற எண்ண உறுதியை மட்டும் விமானத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்து போகும் பெரியவருக்கு அந்த நேரத்தில் விமான நிலையத்தில் வேண்டியது ஓடும் தண்ணீர், உடைமாற்ற ஒரு மறைவு, மக்காவின் திசையான கிப்லாவைக் காட்டும் ஓர் அம்பு. சென்னையில் அந்த அம்பு மேற்கே சற்று வடக்கு சாய்ந்திருக்கும். பாரிசில் தென்கிழக்கைக் காட்டும். அம்பு இல்லாவிட்டால் ஊர் மாறி வந்தவர் யாரைக் கேட்பார்?

சபரிமலைக்குப் போகிறவருக்கு வேறு சங்கடம். இருமுடியிலுள்ள தேங்காயை விமானக் கைப்பையில் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். கொப்பரை எளிதில் தீப்பற்றும் என்பது காரணம். தலையிலேயே சுமக்க வேண்டிய இருமுடியைச் சரக்கறையில் போடப் பக்தர்களுக்கு மனம் வராது. 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்புத் துறை, மண்டல, மகரவிளக்குக் காலம் முடியும் 2025 ஜனவரி 20 வரை, சோதனைக்குப் பின் கையோடு கொண்டுபோக அனுமதித்தது. ஒரு விதியைத் தளர்த்தினால் விரதம் குலையாமல் காக்க முடியும் என்று அது காட்டியது.

இத்தனை காலப் பயணத்தில் ஒன்று மட்டும் மாறவேயில்லை. அரசனும் அதிகாரியும் இடம் கொடுத்தார்கள். ஆனால் இடம் வேண்டும் என்று கேட்டது எப்போதும் பயணிகளும் கூலிகளும் முறைவேலைக்காரர்களும்தான். பிறந்த ஊரை விட்டுப் போகிறவருக்கு வயிற்றில் ஒரு கலக்கம் உண்டு. பாகூர் மூலநாதருக்கு அர்ச்சனை செய்துவிட்டு மகனைப் பார்க்கப் பிரான்சுக்குப் போகும் தாய்க்கும், வில்லியனூர் மாதா குளத்துத் தண்ணீரைப் புட்டியில் எடுத்துக்கொண்ட தாத்தாவுக்கும் அந்தக் கலக்கம் ஒன்றுதான். அவர்கள் பத்து நிமிடம் கண்மூடி உட்கார ஓர் அறை கேட்பது சலுகை ஆகாது. ராஜராஜன் ஓர் ஊரையே எழுதிவைத்த பழைய உரிமை அது.

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தை விரிவாக்கும் பேச்சு நெடுநாளாக நடக்கிறது. கட்டும்போது, ஓர் அறைக்கு வரைபடத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். கடைகளுக்குப் போக மிச்சமான மூலையாக அது இருக்கக் கூடாது. எந்தச் சமயத்துக்கும் எழுதிக்கொடுக்காத சுவர், கால் கழுவத் தாழ்வான குழாய், சக்கர நாற்காலி நுழையும் வாசல், கிப்லா அம்பு, துடைப்பம் பிடிக்கிற ஊழியருக்கும் தடையில்லாத கதவு. இவ்வளவுதான் தேவை. கோயில் தேரும் மாதா குளமும் பாங்கும் அடுத்தடுத்து வாழும் வில்லியனூருக்குப் பக்கத்தில் இதைச் செய்யாவிட்டால், வேறு எந்த ஊர் செய்யும்?