பின்னுதைப்பும் சுமையும்: வேட்டைத் தோட்டாவின் தெரிவு பற்றி ஒரு குறிப்பு

வேட்டைக்கு எத்தோட்டாவைத் தெரிவது என்பது தனிமனித விருப்பின்பாற்பட்டதென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் அத்தெரிவின் பின்னால் தொழினுட்ப வளர்ச்சியும் உழைப்புப் பங்கீடும் உள்ளன.

1848இல் நுவரெலியாவில் குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கர் இலங்கையில் யானை வேட்டைக்குக் கையாண்ட பெரிய றைபிள் 21 றாத்தல் நிறையுடையது. மருந்தும் குண்டும் குழல்வாய் வழியே இடப்பட்ட காலம் அது. கருமருந்தால் குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட இயலாமையால், குண்டின் நிறையே கூட்டப்பட்டது. குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்கு ஈடாகத் துவக்கு தோளைப் பின்னுதைக்கும். துவக்கின் நிறை மிகுந்தால் உதையின் வேகம் தணியும். ஆனால் அந்நிறையைக் காடெங்கும் சுமந்தோர் துவக்குத் தூக்கிய உள்நாட்டவரே. துரையின் தோளைக் காத்தது அவர்களது தோள்.

1884இல் பிரான்சிய இரசாயனவியலாளர் போல் வியெய் புகையற்ற வெடிமருந்தை ஆக்கினார். அதன்பின் சிறு குண்டும் பெருவேகம் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆபிரிக்காவில் தந்தத்துக்காக 1,000க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற ஸ்கொத்லாந்தரான டபிள்யூ. டி. எம். பெல், பெருந்துவக்குகளினும் 7 மி.மீ. மவுசர் தோட்டாவையே பெரிதும் விரும்பினார். பின்னுதைப்புக் குறைந்தால் குறி பிசகாது; யானையின் மண்டையோட்டமைப்பை அறிந்து மூளையைக் குறிவைப்பவனுக்குச் சிறு குண்டே போதும் என்பது அவரது முடிபு.

துவக்கு இலேசாயிற்று. ஆயின் தந்தத்தைச் சுமந்த ஆபிரிக்கரின் சுமை இலேசாகவில்லை. கருவியின் வளர்ச்சி மட்டும் உழைப்பு உறவுகளை மாற்றிவிடாது என்பதற்கு இச்சிறு தோட்டாவின் வரலாறும் ஒரு சான்றாகும்.