கோமோ ஏரிக்கரையில் எங்கே தங்குவது? - ஒரு 1900 வருடத்துக் கேள்வி

2018 நவம்பரில் தீபிகா படுகோனே - ரன்வீர் சிங் கல்யாணம் நடந்ததே, அந்த ஏரி ஞாபகம் இருக்கிறதா? வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் கோமோ ஏரிதான் அது. பரப்பளவு சுமார் 146 சதுர கிலோமீட்டர். ஆழம் 400 மீட்டருக்கும் மேல். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு காலையும் அகட்டி நிற்கும் ஆள் மாதிரி இருக்கும். ஒரு கால் முடியும் இடத்தில் கோமோ நகரம், இன்னொரு கால் முடியும் இடத்தில் லெக்கோ. இரண்டு காலும் பிரியும் இடத்தில், நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கின் நுனியில் பெல்லாஜியோ.

அங்கே சுற்றுலா போகிறவர்கள் எல்லோரையும் குழப்பும் கேள்வி ஒன்றுதான். எங்கே தங்குவது? பெல்லாஜியோவா, வரென்னாவா, மெனாஜியோவா, கோமோ நகரமேவா? ஹோட்டல் பட்டியலைப் பார்த்தால் எல்லா ஊரும் 'சொர்க்கம்' என்றுதான் போட்டிருக்கும்!

பட்டியலை மூடி வைத்துவிட்டு, இதே கேள்விக்கு முன்னால் நின்றவர்கள் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. காட்சி அழகை வைத்து இடம் தேர்ந்தெடுத்தவர்கள் அதில் ரொம்பக் குறைவு. யாரிடமிருந்து விலகி இருக்க வேண்டும், யாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது.

சோகம் ஒரு வீடு, சிரிப்பு ஒரு வீடு

முதலில் வருபவர் ரோமானிய வழக்கறிஞரும் அரசு அதிகாரியுமான இளைய பிளினி. கி.பி. 61 அல்லது 62-இல் கோமோவில் பிறந்தவர். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய் நகரம் புதைந்ததே, அதை விரிகுடாவின் மறுபக்கத்திலிருந்து நேரில் பார்த்து எழுதி வைத்தவர் இவர்தான்.

கோமோ ஏரிக்கரையில் பிளினிக்குப் பல வீடுகள் இருந்தன. அதில் இரண்டு அவருக்கு உயிர். நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவற்றுக்குத் தான் வைத்த செல்லப்பெயரைச் சொல்கிறார். பாறை மேல் உயரத்தில் இருக்கும் வீட்டுக்கு 'துன்பியல்'. கரையோடு ஒட்டிய வீட்டுக்கு 'இன்பியல்'. ஏன் இந்தப் பெயர்? அந்தக் கால நாடக மேடையில் சோக நாடக நடிகர்கள் உயரமான காலணி போடுவார்கள், நகைச்சுவை நடிகர்கள் தட்டையான செருப்பு போடுவார்கள். ஒரு வீடு உயரக் காலணி போட்டு நிற்கிறது, இன்னொன்று செருப்போடு நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம்!

மேல் வீட்டிலிருந்து மீனவர்கள் மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். கீழ் வீட்டிலோ படுக்கையறையிலிருந்தே, கிட்டத்தட்ட படுத்தபடியே தூண்டில் போடலாம் என்கிறார். மேலே இருந்தால் ஏரி அகலமாகத் தெரியும், கீழே இருந்தால் ஏரி நெருக்கமாக இருக்கும். ஒன்று கிடைத்தால் இன்னொன்று கிடைக்காது. பொருளாதார வகுப்பில் இதைத்தான் வாய்ப்புச் செலவு என்கிறார்கள். பிளினி அந்தச் செலவை எப்படித் தவிர்த்தார்? இரண்டு வீட்டையும் தானே வைத்துக்கொண்டார். பணம் இருந்தால் தேர்வு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை என்பதற்கு 1900 வருடத்துக்கு முந்தைய உதாரணம் இது.

கொசுறு செய்தி: தோர்னோ என்ற ஊர்ப் பக்கம் 'வில்லா பிளினியானா' என்று ஒரு மாளிகை இருக்கிறது. பிளினியின் வீடு என்று நினைத்துவிட வேண்டாம். அது 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அங்கே தானாக ஏறி இறங்கும் ஊற்று ஒன்று உண்டு. அதைப் பற்றி பிளினி கடிதம் எழுதியதால் வந்த பெயர்.

இளவரசியும் வேலைக்காரர்களும்

இனி ஒரேயடியாக 1815-க்கு வருவோம். இங்கிலாந்து பட்டத்து இளவரசர் ஜார்ஜின் மனைவி கரோலின். 1795-இல் கல்யாணம், சீக்கிரமே பிரிவு. 1814-இல் இங்கிலாந்தை விட்டே கிளம்பிவிட்டார். அடுத்த வருடம் கோமோவுக்குப் பக்கத்தில் செர்னோபியோ என்ற ஊரில் ஒரு பழைய கார்டினலின் மாளிகையை வாங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் 'வில்லா தெஸ்தே'.

அவருக்கு முன்னால் அங்கே இருந்த சீமாட்டியும் சுவாரஸ்யமானவர். மிலான் ஸ்காலா அரங்கில் ஆடிய முன்னாள் நடனக்காரி. நெப்போலியன் படையில் தளபதியாக இருந்த கணவரை மகிழ்விக்க, தோட்டத்து மலைச்சரிவில் பொம்மைக் கோட்டைகள் கட்டி வைத்தார். அவை இன்றும் நிற்கின்றன.

கரோலின் அந்த இடத்தைத் தேடிப் போனது நிம்மதிக்காக. லண்டன் பேச்சு அங்கே காதில் விழாது. கூடவே பெர்காமி என்ற இத்தாலியர் இருந்தார். சாதாரண வேலையில் சேர்ந்து, அரண்மனைப் பொறுப்பு முழுவதையும் கவனிக்கும் அளவுக்கு உயர்ந்தவர். ஊர் பேசியது. அந்தப் பேச்சு லண்டனுக்கும் போனது.

1818-இல் கணவர் தரப்பிலிருந்து ஆட்கள் மிலானில் வந்து உட்கார்ந்து சாட்சிகளைத் திரட்டினார்கள். 1820 ஜனவரியில் ஜார்ஜ் அரசரானார். உடனே கரோலினின் பட்டத்தையும் திருமணத்தையும் ரத்து செய்ய பிரபுக்கள் சபையில் மசோதா வந்தது. சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் யார் தெரியுமா? படுக்கை விரித்தவர்கள், பரிமாறியவர்கள், கூடவே பயணம் செய்தவர்கள். மயோக்கி என்ற வேலைக்காரர் குறுக்கு விசாரணையில் திரும்பத் திரும்ப "எனக்கு ஞாபகம் இல்லை" என்றே இத்தாலிய மொழியில் சொல்ல, அந்த வாக்கியம் லண்டன் தெருக்களில் கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது.

லண்டன் மக்கள் ராணி பக்கம் நின்றார்கள். நவம்பர் 10-ஆம் தேதி மூன்றாவது வாசிப்பில் மசோதா வெறும் 9 ஓட்டு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. இதை வைத்துக்கொண்டு மக்கள் சபைக்குப் போக முடியாது என்று அரசாங்கம் கைவிட்டது. ஆனாலும் 1821 ஜூலையில் நடந்த முடிசூட்டு விழாவில் கரோலினை உள்ளேயே விடவில்லை. அடுத்த மாதமே இறந்துபோனார்.

ஊரை விட்டு எவ்வளவு தூரம் தள்ளித் தங்கினாலும், பெரிய வீட்டில் தனிமை கிடையாது. அந்த வீடு ஓட வேண்டுமென்றால் வேலைக்காரர்கள் வேண்டும். வேலைக்காரர்களுக்குக் கண்ணும் காதும் உண்டு. அவர்களிடம் யாராவது வந்து கேள்வி கேட்கும் நாளும் வரலாம்.

கிடைக்காத வீடு

அதே 1818-ஆம் வருடம் ஏப்ரலில் இன்னொரு ஜோடி வீடு தேடி வந்தது. கவிஞர் ஷெல்லியும் மனைவி மேரியும். மேரியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவல் வெளிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. ஷெல்லிக்கு மனசுக்குப் பிடித்த வீடு மேலே சொன்ன வில்லா பிளினியானா. பாழடைந்து கிடந்தாலும் அதுதான் வேண்டும் என்று முயன்றார். கிடைக்கவில்லை. ஏரியை விட்டு இறங்கி இத்தாலி முழுக்க வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1822-இல் லெரிச்சிக்குப் பக்கத்தில் கடலோர வீடு ஒன்றில் குடியேறினார்கள். அந்த வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜூலை 8-ஆம் தேதி ஷெல்லியின் படகு புயலில் மூழ்கியது. அவருக்கு 29 வயது. கோமோவில் அந்த வீடு கிடைத்திருந்தால் என்று யோசிக்கத் தோன்றும். வரலாற்றில் அதற்குப் பதில் இல்லை.

1837-இல் இசைமேதை பிரான்ஸ் லிஸ்ட் பெல்லாஜியோவில் வந்து தங்கினார். உடன் இருந்தவர் மரி தாகு, இன்னொருவரின் மனைவியான சீமாட்டி. பாரிஸ் வம்புப் பேச்சிலிருந்து தப்பிக்க ஏரிக்கரை வசதியாக இருந்தது. அந்த டிசம்பர் 24-ஆம் தேதி பிறந்த மகள் கோசிமாதான் பிற்காலத்தில் வாக்னரின் மனைவி.

நீராவி வந்தது, ஹோட்டல் வந்தது

இதுவரை பார்த்தவர்கள் எல்லாம் மாளிகை வாங்குகிறவர்கள் அல்லது மாதக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறவர்கள். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறவர்கள் எப்போது வந்தார்கள்?

அதற்குக் காரணம் போக்குவரத்து. 1826-இல் ஏரியில் முதல் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அதில் ஒன்றின் பெயர் 'பிளினியோ'! 1864-இல் தாமஸ் குக் தன் குழுக்களை இத்தாலிக்கு அழைத்து வர ஆரம்பித்தார். 1882-இல் கோத்தார்டு சுரங்க ரயில் பாதை திறந்தது. வடக்கே இருந்து வருகிறவர்கள் ஆல்ப்ஸ் மலையை வண்டியில் ஏறிக் கடக்க வேண்டியதில்லை, ரயிலிலேயே இறங்கிவிடலாம்.

தேவை வந்தால் அளிப்பு வராமல் இருக்குமா? கரோலினின் வில்லா தெஸ்தே 1873-இல் ஹோட்டலானது. அதே வருடம் பெல்லாஜியோவில் கிராண்ட் ஹோட்டல் திறந்தது. திரெமெட்சோவில் 1910-இல் இன்னொன்று. மாளிகையைக் கட்டிக் காப்பாற்ற முடியாத பிரபுக்களுக்கு அறைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவது நல்ல வழியாக இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்பு வந்தவர்கள் தங்கள் ஆட்களிடமிருந்து தப்பி வந்தார்கள். இப்போது வந்த ஆங்கிலேயர்களோ தங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் அறை தேடினார்கள். கதெனாப்பியாவில் 1890களில் ஆங்கிலிக்கன் தேவாலயமே எழுந்தது. ஞாயிறு பிரார்த்தனை, மாலைத் தேநீர், பேசிப் பழக நாலு ஆங்கிலக் குடும்பம். ஏரி மட்டும்தான் இத்தாலி :)

அந்த ஊர்க்காரர்கள் எங்கே தங்கினார்கள்?

பயணப் புத்தகங்களில் வராத கேள்வி இது. கோமோ பட்டுக்குப் பேர் போன ஊர். சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்கள் பட்டுப்புழு வளர்த்தன. புழு வளர்க்கும் பருவத்தில் வீட்டில் கதகதப்பான அறை புழுக்களுக்குத்தான். மனிதர்கள் மிச்சமிருக்கும் இடத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த வீடுகள் அழகான காட்சியின் ஒரு பகுதி.

இத்தாலியின் மிகப் புகழ்பெற்ற நாவலான மன்சோனியின் 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' (முதல் பதிப்பு 1827) தொடங்குவதே இந்த ஏரியின் லெக்கோ பக்கக் காலில்தான். நாயகன் ரென்ஸோ பட்டுத் தொழிலாளி. அவன் கல்யாணம் செய்யவிருக்கும் லூச்சியா மேல் ஊர்ப் பெரிய மனிதன் ஒருவன் கண் வைக்க, இருவரும் இரவோடு இரவாகப் படகில் ஊரை விட்டு ஓடுகிறார்கள். எல்லோரும் வந்து தங்க ஆசைப்படும் கரையிலிருந்து, அங்கே பிறந்தவர்கள் ஓட வேண்டியிருக்கிறது. இத்தாலியர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் கோமோ ஏரி இதுதான்.

கடைசி இரவு

1943-க்குப் பிறகு இந்த ஏரிகளுக்கு வேறு முகம். ஜெர்மானியர்கள் முசோலினியைச் சிறையிலிருந்து மீட்டு, கார்தா ஏரிக்கரையில் கர்ன்யானோ என்ற ஊரில் ஒரு மாளிகையில் வைத்தார்கள். பெயருக்கு அரசுத் தலைவர். தங்கும் இடத்தைக்கூட முடிவு செய்தது ஜெர்மானியர்கள். அவருடைய அமைச்சகங்கள் சாலோ முதலான ஏரிக்கரை ஊர்களின் கட்டடங்களில் சிதறிக் கிடந்தன.

அதே காலத்தில் கோமோவைச் சுற்றிய மலைகளில் யூதர்களும், தப்பி வந்த போர்க் கைதிகளும் இரவில் நடந்து சுவிட்சர்லாந்து எல்லையைக் கடந்துகொண்டிருந்தார்கள். பிடிபட்டால் முகாம். அவர்களுக்கு எங்கே தங்குவது என்ற கேள்விக்கு அர்த்தம், இன்று இரவு யார் கதவைத் திறப்பார்கள் என்பதுதான்.

1945 ஏப்ரலில் முசோலினியும் இந்த ஏரியின் மேற்குக் கரை வழியாகவே ஓடினார். 27-ஆம் தேதி தோங்கோ ஊரில், ஜெர்மன் ராணுவ கோட்டு போட்டு வண்டியில் ஒளிந்திருந்தவரை எதிர்ப்புப் படையினர் பிடித்தார்கள். அவரும் கிளாரா பெட்டாச்சியும் கடைசி இரவைக் கழித்தது மாளிகையில் அல்ல, ஒரு விவசாயியின் வீட்டில். மறுநாள் ஜுலீனோ தி மெத்ஸெக்ராவில் ஒரு மாளிகையின் வாசலில் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. தேர்தலில் தோற்ற சர்ச்சில் செப்டம்பரில் அதே ஏரிக்கரைக்கு ஓய்வெடுக்க வந்து ஓவியம் வரைந்துகொண்டிருந்தார். பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடினாவருக்குக் கதெனாப்பியாதான் வழக்கமான விடுமுறை ஊர்.

சரி, இப்போது எங்கே தங்குவது?

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முடிக்கக் கூடாது அல்லவா!

பெல்லாஜியோ: ஏரியின் நடு. படகு எல்லாப் பக்கமும் போகும். கூட்டமும் விலையும் அதற்கேற்ப.

வரென்னா: கிழக்குக் கரை. மிலானிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். மாலை வெயில் இந்தக் கரைக்கு.

மெனாஜியோ, திரெமெட்சோ: மேற்குக் கரை. காலை வெயில் இங்கே. ரயில் கிடையாது, படகும் பேருந்தும்தான்.

கோமோ நகரம்: ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கும் ஊர். சின்ன ஊர்களில் குளிர்காலத்தில் பல ஹோட்டல்கள் மூடிவிடும்.

லெக்கோ: உழைக்கும் ஊர், மன்சோனியின் ஊர். பெரும்பாலான பயணிகள் தாண்டிப் போய்விடுவார்கள்.

தீபிகா கல்யாணம் நடந்த வில்லா பால்பியானெல்லோ? அது 1988 முதல் ஒரு பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் சொத்து. டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். அறை கிடைக்காது.

எந்தக் கரையில் தங்கினாலும் ஜன்னலில் தெரிவது எதிர்க்கரைதான். பிளினி மாதிரி இரண்டு வீடு வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. காலையில் ஒரு படகு டிக்கெட் வாங்கினால் போதும். போகும்போது படகுக்காரரையும், அறையைப் பெருக்கியவரையும் ஒரு நிமிடம் கவனித்துவிட்டுப் போகலாம். இந்த ஏரியின் பாதி வரலாறு அவர்களுக்குத்தான் தெரியும்.