நீரிழிவு: தளர்ந்த முதியோருக்கான வைத்தியசாலைப் பராமரிப்பு

உடல் தளர்ந்த முதியவர் வேறொரு நோய்க்காக வாட்டில் சேர்க்கப்படும்போது அவருடைய சீனி நோயை ஆபத்தின்றிக் கையாளும் முறை இது. லிந்துலைத் தோட்டங்களின் முதியோர் தோட்ட மருந்தகத்துக்கோ லிந்துலை அரச வைத்தியசாலைக்கோ முதலில் வருகின்றனர். நிலைமை கடுமையானால் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மாற்றப்படுகின்றனர். ஒவ்வொரு மாற்றத்திலும் கிளினிக் கொப்பியும் பாவித்த குளிசைகளும் கூடவே போகவேண்டும்.

இத்தகையோருக்குச் சீனி கூடுவதைவிடக் குறைவதே பெரும்பாலும் கிட்டிய ஆபத்து. வீட்டில் ரொட்டியும் தேத்தண்ணியுமாக நேரத்துக்குச் சாப்பிட்டவர் காய்ச்சலில் அரைக் கோப்பைக் கஞ்சியோடு நிறுத்திவிடுவார். மருந்து மட்டும் பழைய அளவிலேயே கொடுக்கப்படும். சிறுநீரகம் பழுதடைந்திருந்தால் கிளிபென்கிளமைட் போன்ற குளிசையின் வேகம் நெடுநேரம் தணியாது. முதியவரிடம் வியர்வையும் நடுக்கமும் தெளிவாகத் தெரிவதில்லை. பீற்றா தடுப்பு மருந்து நடுக்கத்தையும் படபடப்பையும் மேலும் மறைக்கும். உளறல், அயர்வு, தடுக்கி விழுதல், சிலவேளை பக்கவாதம் போன்ற தளர்ச்சி ஆகியவையே வெளிப்படும். “வயசாச்சு, பினாத்துறாங்க” என்று விட்டுவிடாமல் உடனே விரல்நுனி இரத்தத்தைப் பரிசோதிக்கவேண்டும். குளிரில் விறைத்த விரலை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தபின் குத்தினால் இரத்தம் எளிதில் வரும். விரலில் ஒட்டிய இனிப்பும் அளவைக் கூட்டிக் காட்டாது.

அளவு 70 மில்லிகிராமுக்குக் (டெசிலீற்றருக்கு) கீழே இறங்கினால், விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் குளுக்கோசு அல்லது மூன்று, நான்கு தேக்கரண்டிச் சீனி கரைத்த நீர் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவேண்டும். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. நாளம் வழியாகவே குளுக்கோசு ஏற்றவேண்டும். குளிசையால் இறங்கிய சீனி ஏறியபின்னும் மீண்டும் சரியக்கூடும் என்பதால் ஒரு நாளாவது கண்காணிப்பு தேவை.

வாட்டில் பெரும்பாலோருக்குச் சீனி அளவு 140–180 மில்லிகிராம் (டெசிலீற்றருக்கு) இருந்தால் போதும். இறுதிக்கட்ட நோயாளரிடம் இதற்கு மேலும் பொறுக்கலாம். உணவைக் கணக்கில் கொள்ளாமல், சீனி ஏறியபின் மட்டும் இன்சுலின் போடும் வழக்கம் கைவிடத்தக்கது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, இரத்தச்சோகை உள்ளவரிடம் பிழையாகக் காட்டக்கூடும். மலையகத் தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலப் பிரச்சினை என்பதை இங்கே மறக்கலாகாது. குதிகாலையும் விரலிடுக்கையும் தினமும் பார்ப்பது அவசியம். உணர்ச்சியற்ற காலில் புண் வலிக்காது.

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துகளைக் குறைக்கமுடியுமா என்று முதலில் ஆராயவேண்டும். பொட்டலத்து எழுத்தை வாசிக்க இயலாதவருக்கு, குளிசையைக் கையில் வைத்துத் தமிழில் விளக்கி, திருப்பிச் சொல்லவைப்பதே பாதுகாப்பு. குளிர்சாதனப் பெட்டியில்லாத லயத்திலும் பாவனையிலுள்ள இன்சுலின் குப்பியை அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாமல் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம்.