பார் என்னும் சொல்லும் அதைக் கணக்கெடுத்தவர்களும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒருவர் ‘பாரு’ என்றால் அது தமிழ் வினைச்சொல். கண்ணால் காணச் சொல்கிறார். அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்று வலியதுறை மணலில் அதே ஒலியைக் கேட்டால் அது பெயர்ச்சொல். கடலுக்கடியில் மீன் கூடும் கற்றரையைக் குறிக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சாலை, தமிழ் வணிகர்களும் மலையாளிகளும் கலந்து பேசும் சந்தையாக வளர்ந்தது. வலியதுறைப் பாலத்தில் இறங்கிய சரக்கு நகரத்துக்குள் வந்து சேர்ந்ததும் இந்தச் சந்தைக்குத்தான். கடலின் விளைச்சலைச் சாலை நன்கு அறிந்திருந்தது. அந்த விளைச்சல் எந்தத் தரையிலிருந்து வந்தது என்பதைச் சாலை கேட்டதில்லை. சாலைக்கு அருகில் அமர்ந்து ஆட்சி செய்தவர்களும் நெடுங்காலம் கேட்டதில்லை.

பார் என்பதற்கு அகராதிகள் உலகம், நிலம், வன்னிலம், கல் எனப் பல பொருள் தருகின்றன. உலகம் என்ற பொருளே இலக்கியத்தில் மிகுதி. கடற்கரையில் எஞ்சியிருப்பதோ கல்லும் வன்னிலமும் சார்ந்த பொருள். இதைப் பாறையின் சுருக்கம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ரகரமும் றகரமும் பழந்தமிழில் வெவ்வேறு ஒலிகள், ஆகவே இரண்டையும் ஒரே வேரில் கட்டிவிட முடியாது. இந்த நுணுக்கம் வெறும் இலக்கண வம்பு அன்று. ‘பவளப்பாறை’ என்ற இன்றைய பாடநூல் சொல் பாறையை முன்வைக்கிறது. மீனவரின் ‘பார்’ பாறையை மட்டும் குறிப்பதில்லை. அது ஆழம், நீரோட்டம், தரையின் தன்மை, அங்கு கிடைக்கும் மீன் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஓர் இடம். அதற்குப் பெயர் உண்டு, எல்லை உண்டு, சில வேளைகளில் உரிமையும் உண்டு.

இச்சொல் முதலில் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது மன்னார் வளைகுடாவில், முத்தின் பொருட்டு. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள முத்துப்படுகைகள் ஒவ்வொன்றும் ஒரு பார். தொலையிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. ஆங்கில அறிக்கைகள் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டன. முத்துக்குளிப்பு நடத்துவதற்கு முன்பு பார்களைச் சோதிப்பது வழக்கம். மூழ்குவோர் இறங்கிச் சிப்பிகளை அள்ளி வருவர். அவற்றை எண்ணி, வயதைக் கணித்து, மாதிரியைத் திறந்து முத்தின் மதிப்பைப் பார்த்த பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். இன்றைய சொல்லில் சொன்னால் அது ஓர் இருப்புக் கணக்கெடுப்பு. தரையைத் தம் கையால் தொட்டவர்கள் மூழ்குவோர். படகில் அமர்ந்து பதிவேட்டில் எழுதியவர் அதிகாரி. 1902இல் இலங்கைக்கு வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் தொகுத்து லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட ஐந்து தொகுதிகளும், அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் சென்னை அரசுக்கு அளித்த அறிக்கையும் இந்த இருவகை உழைப்பின் மீது எழுந்தவை. அட்டையில் ஒருவகையாரின் பெயர்தான் உண்டு.

இதைக் குடிமக்கள் அறிவியலின் தொடக்கம் என்று கொண்டாடுவது பொருந்தாது. தன்னார்வம் என்பது அங்கு இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்றவர்கள் ஈடுபடுத்தப்பட்டதைச் சொல்கிறது. பிற்காலத்தில் அது கூலியும் பங்குமாக மாறியது. ஆயினும் ஒன்று உண்மை: கல்விக்கூடத்தில் பயிலாதவர் கடலடியைக் கண்டு வந்து சொல்வதும், அதை நம்பி ஓர் அரசு முடிவெடுப்பதும் இக்கடலுக்குப் புதியன அல்ல. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதே காலத்தையொட்டி மண்டபம் ஆய்வு நிலையத்தின் மகாதேவனும் நாகப்பன் நாயரும் மூச்சுக்கருவி அணிந்து அப்பார்களில் தாமே இறங்கினார்கள். எழுதுபவரும் மூழ்குபவரும் ஒருவரேயானது அப்போதுதான்.

குமரிமுனையைச் சுற்றி மேற்குக் கரைக்கு வந்தால் காட்சி மாறுகிறது, சொல் மாறவில்லை. திருவனந்தபுரம், குமரி மாவட்டங்களின் மீனவர் பார் என்று சொல்வன பெரும்பாலும் பவளம் கட்டிய திட்டுகள் அல்ல. கடலடிக் கற்பாறைத் தொடர்கள். அவற்றின் மேல் கடற்பஞ்சும் கடல்விசிறியும் ஆங்காங்கே கற்பவளமும் வளர்கின்றன. தூண்டில் மீனவருக்கு இவையே வயல். அவர்கள் பாரைக் கண்ணால் காண்பதில்லை. ‘கணிச்சம்’ வைத்து அடைகிறார்கள். கரையிலுள்ள கோயில் கோபுரத்தையோ மாதாகோயில் உச்சியையோ அதன் பின்னாலுள்ள மலைமுடியுடன் ஒரு கோட்டில் நிறுத்துவது. வேறு திசையில் மற்றொரு சோடி அடையாளத்தை அவ்வாறே நிறுத்துவது. இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் ஈயக்குண்டை இறக்கித் தரையைச் சோதிப்பது. நில அளவையாளர் மேசையில் செய்வதை இவர்கள் ஆடும் கட்டுமரத்தில் நின்று செய்தார்கள். கணி என்ற வேரிலிருந்து இச்சொல் வந்திருப்பதைக் காண அகராதி தேவையில்லை. தூண்டில்காரர் மேலிருந்து அறிந்ததைக் கரையோரக் கற்களில் கீழிருந்து அறிந்தவர்கள் விழிஞ்ஞம், கோவளம் பகுதிகளில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி பறிப்போர்.

பல்கலைக்கழக அறிவு இங்கு தாமதமாகத்தான் வந்தது. பழைய திருவிதாங்கூர்க் கரையின் கற்பவளங்களைத் தனியே பட்டியலிட்ட கட்டுரை, பவள ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட சி. எஸ். கோபிநாத பிள்ளையும் அவருடன் ஆய்ந்தவரும் 1995இல் வெளியிட்டது. அதன் பிறகும் பாடநூல்கள் மாறவில்லை. இந்தியாவின் பவளத்திட்டுகள் எவை என்று கேட்டால் மாணவர் நான்கு பெயர்களைச் சொல்வர்: மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும், கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார். திருவனந்தபுரம் அதில் இல்லை. திட்டு என்ற வரையறைப்படி அது சரியே. ஆனால் 2001இல் கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, கடல்விசிறிகளும் சேர்ந்தன. சட்டம் காப்பது அந்த உயிரை. அது வாழும் இடம் நால்வர் பட்டியலில் உள்ளதா என்று சட்டம் பார்ப்பதில்லை. ஆகவே திருவனந்தபுரத்துப் பார் ஒன்றில் ஒரு கைப்பிடிப் பவளம் இருந்தாலும் அது காக்கப்பட வேண்டியதே. அது அங்கு இருக்கிறது என்று யார் சொல்வது, எந்தத் தாளில் சொல்வது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2015இல் விழிஞ்ஞம் துறைமுகப் பணி தொடங்கியபோது இக்கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

உலக அளவில் இதற்கு ஒரு விடை அதற்கு முன்பே உருவாகியிருந்தது. கடலியலாளர் கிரெகர் ஹாட்சன் 1996இல் தொடங்கிய ரீஃப் செக், 1997இல் தன்னார்வ மூழ்குநர்களைக் கொண்டு பல நாடுகளின் பவளத்திட்டுகளை ஒரே முறையில் அளந்தது. முறை எளிது: 100 மீட்டர் நாடாவை விரித்து, அதில் 20 மீட்டர் நீளமுள்ள நான்கு பகுதிகளில் அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக அடியில் இருப்பது கற்பவளமா, மென்பவளமா, அண்மையில் இறந்த பவளமா, மணலா என்று குறிப்பது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய கோரல்வாட்ச் இன்னும் எளிது. நிற அட்டை ஒன்றைப் பவளத்தின் அருகே பிடித்து, அதன் மிக வெளிறிய பகுதிக்கும் மிக அடர்ந்த பகுதிக்கும் பொருந்தும் நிறங்களை எழுதிக்கொள்வது. வெளிறலைப் பள்ளி மாணவரும் பதிவு செய்யலாம். தனி ஒருவரின் பிழை, பலரின் பதிவுகளில் கரைந்துவிடும் என்பது இம்முறைகளின் நம்பிக்கை.

தமிழில் இதைக் ‘குடிமக்கள் அறிவியல்’ என்கிறோம். ‘மக்கள் அறிவியல்’ என்று சொல்லலாம். ஆனால் 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் அதன் வழியில் தமிழ்நாட்டில் வளர்ந்த அறிவியல் இயக்கமும் அச்சொல்லுக்கு வேறொரு வரலாற்றைத் தந்துவிட்டன. அங்கு அறிவியல் மக்களிடம் செல்கிறது. இங்கு மக்களிடமிருந்து அறிவியலுக்குத் தரவு செல்கிறது. (‘குடிமகன்’ என்ற ஒருமை இன்று பேச்சுவழக்கில் எதைக் குறிக்கிறது என்பது வேறு சங்கடம்.) மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும் செய்தி ஒன்றுண்டு. மேலைநாட்டு முறைகள் எண்ணிப் பார்க்கும் தன்னார்வலர் பெரும்பாலும் விடுமுறையில் கடலுக்கு வருபவர். நாடாவையும் அட்டையையும் அவர் கையில் கொடுத்தால் போதும். கடலே தொழிலாக இருப்பவர் ஏற்கெனவே ஓர் அளவைமுறையுடன் நிற்கிறார் என்பதை அந்த அட்டைகள் எண்ணிப் பார்க்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ராபர்ட் பனிப்பிள்ளையும் நண்பர்களும் நடத்தும் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் அமைப்பின் பணி இங்குதான் வேறுபடுகிறது. மீனவச் சமூகத்திலிருந்து வந்த அவர், மூத்த மீனவர்களின் கடலறிவை மலையாளத்தில் எழுதிவந்தவர். பார்களின் பெயர்கள், அங்கு கிடைத்த மீன்கள், கணிச்ச முறைகள் ஆகியவற்றைக் கேட்டறிந்த பிறகு மூழ்குநர்கள் அந்தப் பார்களில் இறங்கிப் படமெடுத்தார்கள். பார்களின் மேல் வாழும் உயிர்கள் பதிவாயின. அவற்றில் சிக்கிக் கிடந்த கைவிடப்பட்ட வலைகளும் நெகிழிக் குப்பையும் பதிவாயின. முத்துப் பாரில் மூழ்குவோர் சொல்ல அதிகாரி எழுதினார். இங்கோ கரையில் இருப்பவர் சொல்ல, மூழ்குபவர் அதைக் காணச் செல்கிறார். இரண்டு அறிவும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. தரவின் நம்பகத்தன்மை பற்றி நிறுவனங்கள் எழுப்பும் ஐயம் நியாயமானதே. இன அடையாளத்தைப் படத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாத பவளங்கள் பல. ஆனால் ஒரு பார் இருக்கிறது, அதில் பவளம் இருக்கிறது என்பதை நிறுவுவதற்கு இனப்பெயர் வரை செல்லத் தேவையில்லை.

இதே கரைக்கு இன்னொரு முன்வரலாறும் உண்டு. 1980களில் இழுவைப்படகுகளால் நலிந்த தென் திருவனந்தபுரம் மீனவர், கல்லும் பிற பொருள்களும் கடலில் இட்டுத் தாமே செயற்கைப் பார்கள் அமைத்தனர். பொருளியலாளர் ஜான் குரியன் அதை ஆராய்ந்து ‘மக்களின் செயற்கைப் பார்கள்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்டார். அப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘பார்’ என்றே ஒலிக்கிறது. அண்மையில் இம்மாவட்டத்தின் 42 மீனவ ஊர்களுக்கு, ஊருக்கு 150 வீதம் 6,300 கான்கிரீட் அலகுகளை இடும் அரசுத் திட்டம் நடந்தது. மக்கள் தொடங்கியதை அரசு பின்தொடர்ந்தது என்று இதைச் சொல்லலாம். இயற்கைப் பார்களின் கணக்கை எடுப்பதற்கு முன்பே செயற்கைப் பார்களின் கணக்கு முழுமையாகிவிட்டது என்றும் சொல்லலாம்.

எஞ்சியிருக்கும் சிக்கல் கடினமானது. குடிமக்கள் அறிவியலின் அறம் திறந்த தரவு. எல்லாரும் காணும் வரைபடத்தில் புள்ளி விழ வேண்டும். கணிச்சத்தின் அறம் மறைவு. தந்தையிடமிருந்து மகனுக்கு, படகுக்குள்ளேயே கைமாறுவது. பாரின் இருப்பிடம் பொதுவானால் வேறு ஊர்ப் படகுகளும் அங்கு வந்து சேரும். மறைவாகவே வைத்தால், கணிச்சம் அறிந்த தலைமுறை மறையும்போது பெயரும் உடன் மறையும். இன்று படகில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது, அது எண்ணைச் சேமிக்கும், பெயரைச் சேமிப்பதில்லை. உயிரினத் தரவுகளுக்கான டார்வின் கோர் தரநிலையில், பதிவு செய்தவர் சொன்ன இடப்பெயரைச் சொன்னபடியே எழுதுவதற்கென ஒரு தனிக் களம் உண்டு. நுண்ணிய இடங்களின் ஆயத்தொலைவுகளை மங்கலாக்கி வெளியிடும் வழக்கமும் தரவு நிறுவனங்களில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், எண்ணை மறைத்துப் பெயரை வெளியிட முடியும். திருவனந்தபுரத்துப் பார்களின் பதிவுகள் அப்படி உலகத் தரவுத்தளங்களில் ஏறும்போது அந்தக் களத்தில் எழுதப்படும் சொல் எந்த மொழியில், எந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை, சாலையிலிருந்து தொலைவில் இல்லாத பல்கலைக்கழகத்தின் மொழியியலாளரும் கடலியலாளரும் இன்னும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டியிருக்கிறது. அந்த மேசைக்கு மூன்றாவது நாற்காலி ஒன்று வலியதுறைக்கென இடப்பட வேண்டும்.